ஏழு விடைத்தாளில் ஒரே கோழி

“ஏழு தாள். ஒரே கோழி. ஐயாவிடம் சொல்ல வேண்டும்.”

1995 அக்டோபர் 9, திங்கட்கிழமை. என் நாட்குறிப்பில் அந்தத் தேதிக்கு இருப்பது இவ்வளவுதான். ஒரு நாளைக்குக் குறைந்தது அரைப் பக்கமாவது எழுதுவது என் பழக்கம். அன்று மூன்று வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கிறேன் என்றால் சிரிப்பில் கை ஆடியிருக்க வேண்டும், அல்லது கண்டுபிடித்துவிட்ட பெருமை தலைக்கேறியிருக்க வேண்டும். இரண்டும் இருந்ததாகத்தான் நினைவு.

மைசூரில் நான் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த அஞ்சல்வழி வேதபாட நிலையத்துக்கு இப்போது விடைகள் கைபேசியிலேயே வந்துவிடுகின்றன. இரண்டு பேருடைய விடை ஒத்திருந்தால் இயந்திரமே கண்டுபிடித்துச் சிவப்பில் காட்டிவிடுகிறதாம். போன மாதம் விஜயநகரில் என் வீட்டுக்கு வந்த இளம் திருத்துநர்கள் இருவர் இதைச் சொல்லிவிட்டு, “உங்க காலத்துல காப்பி அடிச்சா எப்படி மேடம் பிடிப்பீங்க? பிடிச்சா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார்கள். பிடித்த கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தேன். பிடித்த பிறகு நடந்ததைச் சொல்லும்போது காபி ஆறி, பால்காரரும் வந்து போய்விட்டார். அதையே நிலையத்தின் மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள்.

நான் கிறிஸ்தவள் அல்ல. அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றி, குங்குமத்தோடுதான் அலுவலகம் போவேன். 1971இல் தமிழ்த் தட்டச்சும் கன்னடப் பேச்சும் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்று எடுத்தார்கள். பன்னிரண்டு வருடம் உறைகளில் முகவரி தட்டினேன். பழைய தமிழ்த் திருத்துநர் ஓய்வு பெற்றபோது அந்தச் சிவப்புப் பென்சிலை என்னிடம் கொடுத்தார்கள். கொடுத்தவர் எங்கள் இயக்குநர் ஆசீர்வாதம் ஐயா. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “எழுதறவங்களவிட திருத்தறவங்க ஒரு தடவையாவது கூடப் படிச்சிருக்கணும், கோமதி அம்மா.” எபிரேய வேதம் முழுவதையும், அதாவது பழைய ஏற்பாட்டை, மூன்று முறை படித்தேன். வம்ச அட்டவணைகளை இரண்டு முறைதான் படித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எங்களிடம் அதிகம் பேர் சேர்ந்த பாடத்திட்டம், பழைய ஏற்பாட்டில் கடவுளின் நீதியையும் இரக்கத்தையும் பற்றியது. இருபத்துநான்கு பாடங்கள், அதன் பிறகு இறுதித் தேர்வு. எல்லாம் தபாலில். மாணவர் வீட்டிலேயே எழுதி அனுப்புவார். தாள் வந்ததும் நீல முத்திரை விழும். நான் சிவப்பில் திருத்தி, ஓரத்தில் ஒரு வரி பாராட்டோ புத்திமதியோ எழுதி, தேதி போடுவேன். ஐயா பச்சைப் பென்சிலால் மறுபார்வை பார்த்து இறுதி மதிப்பெண் போடுவார். மதிப்பெண் மட்டும் பதிவேட்டில் ஏறும். தாள் மாணவருக்கே திரும்பப் போய்விடும்.

ஐயா கோலார் தங்கச் சுரங்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். உயரமான, ஒல்லியான மனிதர். வெந்நீர் மட்டும் குடிப்பார். கோபம் வந்தால் குரல் ஏறாது. பேச்சு கன்னடத்துக்கு மாறும். அதிலும் மரியாதை குறையாது. காப்பி அடித்தவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். அறையில் இன்னும் ஒருவராவது இருக்க வேண்டும். அடிக்கப்படுகிறவரின் பெயரை ஒருமுறை உரக்கப் படிக்க வேண்டும். பிறகு எழுந்து நின்று, அளவுகோல் வைத்து, ஒரே கோடு. கீழே இருக்கும் பெயர் படிக்கும்படியாகவே இருக்க வேண்டும். “உட்கார்ந்துக்கிட்டு ஒருத்தர் பேரை அடிக்கக் கூடாது” என்பார். நான் திருத்துநரான பிறகு, பன்னிரண்டு வருடத்தில் நான்கு முறை அவர் எழுந்து நின்று பார்த்திருக்கிறேன். நான்கு முறையும் அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

இனி கோழிக்கு வருகிறேன்.

இறுதித் தேர்வின் கடைசிப் பகுதி நினிவே நகரத்தின் கதை. பாவத்தில் மூழ்கிய ஊர் அது. அழியப்போகிறது என்று எச்சரிக்க ஒரு தீர்க்கதரிசியைக் கடவுள் அனுப்புகிறார். ஊர் மனம் திருந்துகிறது, கடவுளும் மன்னித்துவிடுகிறார். எச்சரித்தவருக்குக் கோபம் வந்துவிடுகிறது. சொன்ன தண்டனை நடக்கவில்லையே என்று ஊருக்கு வெளியே போய் வெயிலில் உட்கார்ந்துகொள்கிறார். இதை ஒட்டி ஒரு கேள்வி: “தண்டனை பெற வேண்டிய ஒருவர் தப்பியதைக் கண்டு நீங்கள் கோபப்பட்டதுண்டா? உங்கள் வாழ்க்கையிலிருந்து எழுதுக.”

தசரா விடுமுறையில் சேர்ந்துபோன கட்டை அன்று பிரித்தேன். ஹனூர் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஏழு பெண்களின் தாள்கள் ஒன்றாக இருந்தன. ஏழு பேரும் பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை பறிக்கிற கூலிக்காரர்கள். முதல் தாளில், “என் மச்சாண்டார் என் கோழியைத் திருடினார். செவ்வாய்க்கிழமை. பஞ்சாயத்தார் விட்டுவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது” என்றிருந்தது. இரண்டாவது தாளிலும் மச்சாண்டார், கோழி, செவ்வாய்க்கிழமை. மூன்றாவதிலும் அதே. ஏழு கையெழுத்து, ஏழு மச்சாண்டார், ஒரே கோழி. ஏழாவது தாள் பாப்பாத்தி என்பவருடையது. அவருடைய சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன்: வயது ஐம்பத்தெட்டு, திருமணமாகாதவர். புருஷனே இல்லாதவருக்குப் புருஷனின் அண்ணனான மச்சாண்டார் எங்கிருந்து வந்தார்?

பக்கத்து மேசையில் கன்னடத் தாள் திருத்தும் நாகரத்னா, “ஏன்ரீ கோமதி, ஏழு வீட்டுல திருடு போயும் அந்தக் கோழி இன்னும் உசிரோட இருக்கா?” என்று கேட்டு அந்த வாரம் முழுக்கச் சிரித்தார்.

நான் சிரிக்காத முகத்தோடு தாள்களை ஐயாவிடம் கொண்டுபோனேன். படித்தார். உதடு ஒரு பக்கம் துடித்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன். “எழுதிடுங்க. நேர்ல வந்து விளக்கம் சொல்ல ஒரு வாரம் டைம் குடுங்க” என்றார். விளக்கம் கேட்காமல் அவர் யார் பெயரையும் அடித்ததில்லை. அம்மாதம் 28ஆம் தேதி சான்றிதழ் விழா. தேறியவர்கள் மேடையேறிச் சான்றிதழ் வாங்கி, பந்தியில் சாப்பிட்டு, மிருகக் காட்சி சாலை பார்த்துவிட்டுப் போவார்கள்.

16ஆம் தேதி காலை பத்தரைக்கு ஏழு பேரும் வந்து நின்றார்கள். ஐந்தரை மணி பஸ்ஸில் புறப்பட்டார்களாம். ஆறு பேருக்கு மைசூர் அதுதான் முதல் தடவை. வழியில் அரண்மனையைப் பார்த்த வாய் இன்னும் மூடவில்லை. முன்னால் நின்றவர் ஞானம்மா, முப்பத்தைந்து வயதிருக்கும். கடைசியில் சுவரோரமாகப் பாப்பாத்தி.

ஐயா பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “காப்பி அடிச்சீங்களா அம்மா?” என்றார்.

“பாத்து எழுதுனோமுங்க” என்றார் ஞானம்மா. “என்ர தாளப் பாத்து இவீகல்லாம் எழுதுனாங்க. மத்தியானச் சோத்து நேரத்துல ஒண்ணாத்தான் உக்காருவோமுங்க.”

“அது தப்புன்னு தெரியாதா?”

“கோழி வரைக்கும் தப்பில்லீன்னு நெனச்சோமுங்க.”

பாப்பாத்தி சுவரை விட்டு முன்னால் வந்தார். “கோழி பொய்தானுங்கய்யா. நான் கண்ணாலமே கட்டல. மச்சாண்டாரும் இல்ல, கோழியும் இல்ல. அதுதான் பரிச்சைக்கு பதிலு போலன்னு எழுதிப்போட்டேன். என்ர பேர மட்டும் அடிச்சுப்போடுங்க. இதுகள உட்டுருங்க.”

“நீ சும்மா இரு அக்கா!” என்று அதட்டினார் ஞானம்மா. “ஏழு பேருன்னா ஏழு பேரும். இல்லீன்னா ஒருத்தருமில்ல.”

ஐயா எழுந்து நின்றார். அளவுகோலை எடுத்தார். அதன் அர்த்தம் அந்தப் பெண்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் பிடித்துக் கொடுத்த கோழிக்கு ஏழு கோடுகள் விழப்போகின்றன.

அப்போது ஞானம்மா கேட்டார்: “ஐயா, ஒம்பதாம் பாடத்துல ஒண்ணு கேக்கலாமுங்களா?”

ஐயா அளவுகோலோடு நின்றபடி தலையசைத்தார்.

ஒன்பதாம் பாடம் சோதோம் நகரத்தைப் பற்றியது. அந்த ஊரை அழிக்கப்போகிறேன் என்று கடவுள் சொல்ல, முற்பிதா ஒருவர் எதிரே நின்று பேரம் பேசுகிறார். ஊரில் ஐம்பது நல்லவர்கள் இருந்தால் விடுவீரா? விடுவேன். நாற்பத்தைந்து? விடுவேன். இப்படியே நாற்பது, முப்பது, இருபது என்று இறங்கிப் பத்தில் வந்து நிற்கிறார். பத்துப் பேர் இருந்தாலும் ஊரை விடுவேன் என்கிறார் கடவுள். பேரம் அத்தோடு முடிகிறது.

“அந்தப் பெரியவரு பத்தோட நின்னுட்டாருங்க. நாங்க மொத்தமே ஏழு பேரு” என்றார் ஞானம்மா. “பத்துக்குக் கீள இருந்தா எப்படிங்க? எங்கள்ல ஒருத்தி நெசமாலுமே படிச்சிருந்தா, ஏழு பேத்தையும் உட்டுருவாருங்களா?”

ஐயா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அளவுகோல் இன்னும் கையில்தான் இருந்தது.

“அதுக்குப் பதில் பாடத்துல இல்லம்மா” என்றார்.

“இல்லீங்களே. அதுனாலதான் கேட்டேன்.”

அதோடு ஞானம்மா பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்தார். நான்காம் பாடத்தின் விடைத்தாள். ஓரத்தில் என் சிவப்புப் பென்சில்: “மிக நன்று. உங்கள் விடைகளை உடன் படிப்பவர்களுக்கும் காட்டி உதவுங்கள். 14-3-94.”

“இந்தம்மா எழுதுனதுங்க. அன்னீலருந்து எல்லாப் பாடத்தையும் காட்டிக்கிட்டு வாரேன்.”

ஐந்தாம் பாடத்திலிருந்தே காப்பிதான்! தாள்கள் வேறு வேறு நாளில் வந்ததால் எனக்குத் தெரியவில்லை. தசரா விடுமுறை ஒன்றாகச் சேர்த்துவைத்ததால் பிடிபட்டது.

ஐயா தாளை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். “கோமதி அம்மா, இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்கய்யா.”

“தேதியும் போட்டிருக்கீங்க.”

“தேதி போடாம நான் எழுதறதில்லீங்கய்யா.”

“நோட்றீ, அதனாலதான் மாட்டிக்கிட்டீங்க.”

‘பாருங்க’ என்பதற்குக் கன்னடம் வந்துவிட்டது என்று பயந்தேன். பார்த்தால் முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். ஏழு தாளும் செல்லாது. அதில் பேரம் கிடையாது. பெயர் எதுவும் இப்போதைக்கு அடிக்கப்படாது. புதிதாக ஒரு கேள்வித்தாள், இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண், தேற நாற்பது. வாய்மொழித் தேர்வு. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக்கூடாது. சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ள வேண்டியவர், விடைகளைக் காட்டச் சொல்லி எழுதியவர்.

“நீங்களே அவங்க ஊருக்குப் போகணும். சனிக்கிழமை. லீவு நாள்ல.”

“தீபாவளிப் பலகாரம் போடணுமேங்கய்யா” என்றேன்.

“எட்டாவது பேரையும் எழுதிச் சேர்த்துக்கட்டுமா?” என்றார்.

வெளியே வரும்போது பாப்பாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். “பரிச்சைல நான் தேற மாட்டேனுங்கம்மா. ஆனா ஒண்ணு. ரேசன் அட்டை அண்ணன் பேர்ல இருக்குது. ஊடு அண்ணன் பேர்ல. என்ர பேரு போட்ட காயிதம் ஒண்ணுகூடக் கெடையாது. இது கெடைச்சா அது ஒண்ணு இருக்குமுன்னு பாத்தேன்.”

21ஆம் தேதி சனிக்கிழமை, கொள்ளேகால் வழியாகப் பஸ் மாறி, பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர்களுடைய சின்னக் கோயிலுக்குள் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். ஒருவர் உள்ளே வந்தால் மற்ற ஆறு பேரும் தண்ணீர்க் குழாயடியில். காதில் விழக்கூடாது என்று அவர்களாகவே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் எனக்குத்தான் விடை காதில் விழவில்லை.

ஞானம்மா எண்பத்து நான்கு வாங்கினார். மற்ற ஐந்து பேரும் ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையில். எனக்கு இது ஆச்சரியம். பார்த்து எழுதியவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றரை வருடம் சோற்று நேரத்தில் அந்தக் கதைகளை வைத்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். தீர்க்கதரிசி கோபித்துக்கொண்டது நியாயம்தான் என்று மூன்று பேர், இல்லை என்று மூன்று பேர். ஒருத்தி, “ஊருக்கே சொல்லிப்போட்டு இப்ப ஒண்ணும் நடக்கலீன்னா, அவருக்கு மானம் போகாதுங்களா?” என்று என்னையே கேட்டாள். உரை நூல்களில் ஒரு பக்கம் எடுத்துக்கொள்வதை ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

மதியம் களியும் கோழிக் குழம்பும். நான் சாப்பிடமாட்டேன் என்று தெரிந்ததும் எனக்கு மோர் வந்தது. “அந்தக் கோழியோன்னு பயந்துக்காதீங்கம்மா. அத மச்சாண்டாரு அன்னிக்கே தின்னுபோட்டாரு” என்றார் ஞானம்மா. ஆக, ஒரு கோழி மட்டும் உண்மை.

கடைசியாகப் பாப்பாத்தி. பெயர்களெல்லாம் குழம்பின. ராஜா பெயரை மந்திரிக்கு வைத்தார், நதியை மலையாக்கினார். தீர்க்கதரிசி ஏன் கோபப்பட்டார் என்று கேட்டேன்.

“வெயிலுங்கம்மா.”

கதையில், வெயிலில் உட்கார்ந்தவருக்கு நிழல் கொடுத்த செடி வாடிய பிறகு அவருடைய கோபம் கூடியது உண்மைதான். ஐந்துக்கு மூன்று போட்டேன். கடைசிக் கேள்வி: “நினிவேயைக் கடவுள் ஏன் அழிக்காமல் விட்டார்?”

வெளியே பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது.

“அத்தன மாடு இருந்துச்சுங்களே” என்றார்.

“மாடா?”

“ஆமாங்கம்மா. மனுசன் தப்புப் பண்ணுனான், சரி. மாடு என்னுங்க பண்ணுச்சு?”

விடைக் குறிப்பில் இருந்தது, வலது கை இடது கை வித்தியாசம் தெரியாத லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அங்கே இருந்தார்கள் என்பது. மாடு குறிப்பில் இல்லை. ஐந்துக்கு இரண்டு போட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது வேதத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கதையில் கடவுள் கடைசியாகப் பேசும் வாக்கியம் ஒரு கேள்வி. இந்த மக்களுக்காக நான் பரிதபிக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, கடைசி வார்த்தையாக அங்கே இருந்த ஏராளமான மிருகங்களையும் சேர்த்துக்கொள்கிறார். கதையும் அங்கேயே முடிகிறது. மூன்று முறை படித்தவள் நான். மாட்டைத் தாண்டி மூன்று முறை போயிருக்கிறேன். பசுவின் கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட அரசனின் கதையைக் கேட்டு வளர்ந்தவளுக்கு, மாட்டுக்காக ஒரு ஊரே பிழைத்த கதை கண்ணில் படவில்லை.

ஆனாலும் குறிப்பு குறிப்புதான். போட்ட மதிப்பெண்ணை மாற்றினால் அந்தத் தாளும் செல்லாததாகிவிடும். வீட்டில் முறுக்குச் சுட்டுக்கொண்டே மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் முப்பத்தெட்டு. ஏழு பேரும், இல்லாவிட்டால் ஒருவரும் இல்லை என்பது ஞானம்மாவின் பேச்சு. இரண்டு மதிப்பெண்ணில் ஏழு பேரின் மேடையும் போகிறது. அந்தத் தீபாவளிக்கு நான் சுட்ட முறுக்கு கருகியதாக நாட்குறிப்பு சொல்கிறது.

22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஐயாவின் வீட்டுக்கே போய்த் தாள்களைக் கொடுத்தேன். 24ஆம் தேதி சூரிய கிரகணம். அலுவலகத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை, நானும் போகவில்லை. ஐயா வந்து சன்னலைச் சாத்திக்கொண்டு தனியாகத் திருத்தினார் என்று காவலாளி சொன்னார். 25ஆம் தேதி காலை போனபோது பட்டியல் என் மேசையில் இருந்தது. தாள்களை அவரே முதல் கட்டுத் தபாலில் சேர்த்துவிட்டிருந்தார். ஆறு பேருக்கும் நான் போட்ட அதே மதிப்பெண். ஏழாவதாக, பச்சையில்: பாப்பாத்தி, 41.

அவர் அறைக்குப் போனேன். “ஐயா, பாப்பாத்தி அம்மாவுக்கு என் கூட்டல்ல முப்பத்தெட்டு வந்துச்சு.”

வெந்நீரை ஒரு வாய் குடித்தார். “நானும் கூட்டிப் பார்த்தேன், கோமதி அம்மா. சரியா இருக்கு.” அத்தோடு அடுத்த கட்டை இழுத்துக்கொண்டார்.

28ஆம் தேதி விழாவுக்கு ஏழு பேரும் ஒரே நிறப் புடவையில் வந்தார்கள், இலைப் பச்சை. பாப்பாத்தியின் பெயரைக் கூப்பிட்டதும், மற்ற ஆறு பேரும் தங்கள் பெயர் என்பதுபோல எழுந்துவிட்டார்கள். அவர் சான்றிதழை வாங்கி மேடையை விட்டு இறங்கவில்லை. ஒலிபெருக்கி முன்னால் நின்று, எழுத்துக் கூட்டித் தன் பெயரை வாசித்தார். பிறகு அப்பா பெயர். பிறகு பாடத்தின் பெயர், தேதி, இயக்குநர் கையொப்பம். அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் விடவில்லை. மண்டபம் கைதட்டி ஓய்ந்தபோது ஐயா தலையைக் குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று பந்தியில் அவர் இரண்டு முறை சாம்பார் சாதம் கேட்டு வாங்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகரத்னா சாட்சி.

ஐயா 2001இல் காலமானார். அந்த மூன்று மதிப்பெண்ணைப் பற்றி நான் மறுபடி கேட்கவில்லை. கூட்டலில் நான்தான் தவறினேனா, அல்லது ஏதோ ஒரு விடைக்கு அவர் பச்சைப் பென்சிலால் திருத்தினாரா என்பது தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும். தாள் இருக்கிறது. பாப்பாத்திக்கு இப்போது தொண்ணூறை நெருங்கும் வயது. போன வாரம் ஞானம்மாவைத் தொலைபேசியில் பிடித்து விசாரித்தேன். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டபோது, விடைத்தாளை மடித்து அதன் பின்னாலேயே வைத்து ஆணியடித்துவிட்டார்களாம். “ஒரு தடவை பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்களேன்” என்றேன். கேட்டுவிட்டு வந்து சொன்னார்: “பாப்பாத்தி அக்கா பிரிக்க மாட்டேங்குதுங்க. வேணுமின்னா வந்து வெளிய இருந்து பாத்துட்டுப் போகச் சொல்லுதுங்க.”

ஐந்துக்கு இரண்டு போட்ட இடத்தில் மீதி மூன்றைப் போட்டால் நாற்பத்தொன்று வருகிறது. ஆகவே அந்த மதிப்பெண் மாட்டுக்குத்தான் கிடைத்தது என்பது என் ஊகம். சரிபார்க்கப்படவில்லை.